ரவை பெய்த பனி

உப்புமா கிளறுகிற ரவையில்தான் அந்தப் பனி பெய்தது.

1900-ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் வியன்னா நகரம். எர்வின் பெர்ஸி என்பவர் அறுவைசிகிச்சைக் கருவிகள் செய்துகொடுத்து வந்தார். அந்நாளைய மின்விளக்குக்குள் எரிந்தது கார்பன் இழை. அது தந்தது மங்கலான மஞ்சள் வெளிச்சம். கத்தி வைக்கும் இடத்தைத் தெளிவாகப் பார்க்க மருத்துவர்களுக்கு அது போதவில்லை. அந்த வெளிச்சத்தைக் கூட்டும் வேலை பெர்ஸியிடம் வந்தது.

ஐரோப்பாவில் செருப்புத் தைப்பவர்களிடம் ஏற்கெனவே ஓர் உத்தி இருந்தது. கண்ணாடிக் கோளத்தில் தண்ணீர் நிரப்பி மெழுகுவத்திக்கு முன்னால் வைப்பார்கள். நீர்க்கோளம் தடித்த லென்ஸாக வேலை செய்து, சுடரின் ஒளியை ஊசி குத்தும் இடத்தில் வட்டமாகக் குவிக்கும். பெர்ஸியும் மின்விளக்குக்கு முன்னால் ஒரு நீர்க்கோளத்தை வைத்தார். ஒளி குவிந்தது, ஆனால் சிறு பொட்டளவுக்குத்தான். தண்ணீருக்குள் ஒளியைச் சிதறடிக்கும் துகள்கள் இருந்தால் வெளிச்சம் பரவுமே என்று எதையெதையோ போட்டுப் பார்த்தவர், கடைசியில் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் வெள்ளை ரவையைத் தூவினார். ரவை தண்ணீரை உறிஞ்சி ஊறியது, ஒளிபட்டு மினுங்கியது, பிறகு ஆற அமர அடியில் போய்ப் படிந்தது.

விளக்காக அது உதவவில்லை. துகள்கள் மேலே நின்றால்தானே வெளிச்சம் நிற்கும்? ஆனால் பெர்ஸி கண்முன்னே கண்டது அவருடைய ஊரின் பனிப்பொழிவு. மரியாசெல் என்ற யாத்திரைத் தலத்தின் தேவாலயத்தைச் சிறு உருவமாகச் செய்து கோளத்துக்குள் நிறுத்தினார். வியன்னாவின் ஹெர்னால்ஸ் பகுதியில் பெர்ஸி குடும்பம் பரம்பரையாக இன்றும் பனிக்கோளங்களைச் செய்துவருகிறது. ‘ஸ்னோ குளோப்’ என்று கடைகளில் விற்பது இதைத்தான். இதற்கு முன்பே, 1878-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில், குடை பிடித்த மனிதன்மேல் வெண்பொடி பெய்யும் நீர்க்கோளங்கள் வைக்கப்பட்டிருந்தன. எனவே உலகின் முதல் பனிக்கோளம் பெர்ஸியுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் விளக்கைத் தேடிப் போய்ப் பனியைக் கண்ட கதை அவருடையது.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. துகள்கள் இறங்கிவிட்டன என்பதால்தான் விளக்கு வீணானது; அவை அவசரப்படாமல் இறங்கின என்பதால்தான் பனி கிடைத்தது. இந்த அத்தியாயத்தில் நாம் வீட்டிலேயே ஒரு பனிக்கோளம் செய்து, பெர்ஸி கைவிட்ட வெளிச்சத்தை அதற்குள் திரும்பக் கொண்டுவரப் போகிறோம். ஒரே ஒரு நிபந்தனை: பனி எவ்வளவு நேரம் இறங்குகிறதோ அவ்வளவு நேரம்தான் வெளிச்சமும் இருக்க வேண்டும். பனி ஒரு தாளத்திலும் விளக்கு வேறு தாளத்திலும் ஓடினால், ஒரே பாட்டிலுக்குள் இரண்டு பொம்மைகளை அடைத்ததுபோல் ஆகிவிடும்.

அவசரமில்லாத வீழ்ச்சி

முதலில் பனி இறங்கும் நேரத்தைப் புரிந்துகொள்வோம். திரவத்தில் விழும் ஒரு துகளை மூன்று விசைகள் ஆள்கின்றன. எடை கீழே இழுக்கிறது. மிதப்பு விசை மேலே தள்ளுகிறது. திரவத்தின் உராய்வு, அதாவது பாகுநிலை, துகள் போகும் திசைக்கு எதிராகத் தடுக்கிறது. வேகம் கூடக்கூடத் தடையும் கூடும். ஒரு கட்டத்தில் மூன்றும் சமன்பட, அதற்குப் பிறகு துகள் ஒரே வேகத்தில் இறங்கும். பள்ளிப் பாடத்தில் முற்றுத்திசைவேகம் என்று படித்தது இதுதான்.

இந்த வேகத்தின் கணக்கைத் தந்தவர் அயர்லாந்தில் பிறந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1851-இல் வெளியான அவருடைய கட்டுரை ஊசல்களைப் பற்றியது. காற்றின் உராய்வு ஊசலின் ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்தவர், அதே கட்டுரையில் மேகத்தின் நுண்துளிகள் ஏன் பொத்தென்று விழுவதில்லை என்பதற்கும் விடை சொன்னார். அந்த விதி நமக்கு மூன்று திருகுகளைத் தருகிறது. துகளின் ஆரம் பாதியானால் வேகம் கால்பங்காகும். துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு குறைந்தால் வேகமும் குறையும். திரவத்தின் பாகுநிலை எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு வேகம் தாழும்.

நம் பனி ஜிகினாத் தூள். பெரும்பாலும் அது பாலியெஸ்டர் படலத்தைப் பொடியாக வெட்டியது. அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1.38 மடங்கு. 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையாக ஒரு துகளை எண்ணிக்கொண்டு, 20 டிகிரி செல்சியஸில் கணக்கிட்டேன். வெறும் தண்ணீரில் அது வினாடிக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் இறங்கும். 10 சென்டிமீட்டர் உயரத்தை 12 வினாடியில் கடந்துவிடும். எடையில் கால்பங்கு கிளிசரின் கலந்தால் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 30 வினாடி. பாதிக்குப் பாதி கலந்தால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் மேல். கிளிசரின் அந்த மூன்று திருகுகளில் இரண்டை ஒரே நேரத்தில் திருப்புகிறது: பாகுநிலையைக் கூட்டுகிறது, தானே தண்ணீரைவிட 1.26 மடங்கு அடர்த்தியானது என்பதால் மிதப்பு விசையையும் கூட்டுகிறது.

உண்மையான ஜிகினா உருண்டையல்ல, தகடு. அது ஆலிலைபோல் அசைந்து அசைந்து இறங்கும். அதனால் உங்கள் பாட்டிலில் கிடைக்கும் நேரம் கொஞ்சம் மாறும். வெப்பமும் அதை மாற்றும். தூய கிளிசரினின் பாகுநிலை 20 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கலவையில் அந்த வீழ்ச்சி இவ்வளவு கடுமையாக இராது. ஆனால் மார்கழி விடியலில் மெதுவாகப் பெய்யும் கோளம் சித்திரை மதியத்தில் சற்று விரைவாகப் பெய்வதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

பாட்டிலும் பொம்மையும்

இறுக்கமாக மூடக்கூடிய, நேரான சுவருள்ள 300 மில்லி கண்ணாடி பாட்டில் ஒன்று வேண்டும். ஜாம் பாட்டிலோ ஊறுகாய் பாட்டிலோ போதும். வெந்நீரில் கழுவி, வாசனை போகும்வரை காயவையுங்கள். வழக்கமாகச் சொல்லித்தரும் முறையில் மூடியில் பொம்மையை ஒட்டிப் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. தகர மூடி ஒளியை மறைக்கும். அதில் துளை போட்டால் ஒழுகும். பாட்டிலை நிமிர்த்தியே வைத்து, அதன் அடிக்கண்ணாடியில் உள்பக்கம் பொம்மையை ஒட்டுவோம். விளக்கு வெளியே, அடிக்கண்ணாடிக்குக் கீழே இருக்கும். தண்ணீர் உள்ளே, மின்சாரம் வெளியே, நடுவில் கண்ணாடி. குழந்தைகள் கையில் போகும் பொருளுக்கு இந்தப் பிரிவினை முக்கியம்.

பொம்மை பிளாஸ்டிக்காகவோ மெருகேற்றிய பீங்கானாகவோ இருக்கட்டும். இரும்பு துருப்பிடித்துத் தண்ணீரைச் செம்மையாக்கும், சுட்ட மண் ஊறும், காகிதம் கரையும். பாட்டிலின் அகலத்தில் பாதியைத் தாண்டாத ஒல்லியான உருவமாகத் தேர்ந்தெடுங்கள். ஏனென்றால் நீர் நிறைந்த பாட்டிலும் ஒரு லென்ஸ்தான். நடுவில் நிற்கும் பொருளை அது பக்கவாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகக் காட்டும், உயரத்தை மாற்றாது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதன் நேரடி விளைவு இது. ஒல்லியான தேவதை குண்டுத் தேவதையாகத் தெரிவது இதனால்தான். செருப்புத் தைப்பவரின் கோளம் சுடரைக் குவித்ததுபோல் இந்தப் பாட்டில் சூரியனையும் குவிக்கும். எனவே, செய்து முடித்த கோளத்தை நேரடி வெயில் விழும் ஜன்னலோரத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

ஒட்டும் இடங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டு குழாயில் வரும் எபாக்ஸி பசையைக் கலந்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டால் பொம்மை மிதந்து வந்துவிடும். தண்ணீருக்கு, இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற வாலை வடிநீர் நல்லது. குழாய்த் தண்ணீர் நாளடைவில் கலங்கும். மருந்துக்கடையில் கிளிசரின் கிடைக்கும். முக்கால் பங்கு நீர், கால் பங்கு கிளிசரின் என்று தொடங்குங்கள். ஜிகினா அரை டீஸ்பூன் போதும். இரண்டு அளவுத் தூள்களைக் கலந்தால் பெரியவை முந்தியும் நுண்ணியவை பிந்தியும் இறங்கி, பனி ஓய்ந்து ஓய்ந்து பெய்வதுபோல் இருக்கும். தூள் மேலேயே மிதந்து அடம்பிடித்தால் அதைத் தாங்குவது நீரின் பரப்பு இழுவிசை. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் அது தளரும். இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கும்.

பாட்டிலை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு வெப்பம் ஏறினால் தண்ணீரின் கன அளவு 0.6 சதவீதம் கூடும். 300 மில்லிக்கு அது கிட்டத்தட்ட 2 மில்லி. அதற்காக அரை டீஸ்பூன் அளவு காற்றிடம் விடுங்கள். மூடி மேலே இருப்பதால் அந்தக் குமிழி மூடிக்குள் மறைந்துவிடும். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை மரையில் சுற்றி இறுக்கமாக மூடுங்கள்.

கை நின்றாலும் பனி நிற்பதில்லை

இனி விளக்கு. மிக எளிய வழி, சாய்வு ஸ்விட்ச் ஒன்றும் வெள்ளை எல்இடி ஒன்றும். சிறு குழாய்க்குள் உருளும் உலோகக் குண்டு இரண்டு கம்பிகளைத் தொடும்போது மின்சாரம் பாயும். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட் சார்ஜரில் மிஞ்சுகிற 2 வோல்ட்டை 220 ஓம் மின்தடை ஏற்றுக்கொண்டால் ஓடுவது 9 மில்லிஆம்பியர். பாதுகாப்பான அளவு. பொத்தான் செல் வைத்துச் செய்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அதைக் குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடும். திருகாணி போட்டு மூடிய பெட்டிக்குள் தவிர வேறெங்கும் அது இருக்கக் கூடாது.

இந்த எளிய கோளத்தைக் குலுக்கிப் பாருங்கள். கை ஆடும்வரை விளக்கு படபடக்கும். கை நின்றதும் அணைந்துவிடும். பனி அப்போதுதான் இறங்கவே தொடங்கியிருக்கும். பார்க்க வேண்டிய அந்த 30 வினாடியும் இருட்டில் போய்விடும். கை நின்ற பிறகும் நினைவில் வைத்திருக்க ஏதாவது ஒன்று வேண்டும். அதற்காகத்தான் நுண்கட்டுப்பாட்டுச் சில்லு.

ஆர்டுயினோ நானோ பலகை ஒன்று, 12 எல்இடி கொண்ட வண்ண வளையம் ஒன்று, எம்பியு-6050 என்ற முடுக்கமானி ஒன்று. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடையில் மூன்றும் கிடைக்கும். மூன்றையும் பாட்டிலோடு சேர்த்துப் பொருத்திய ஒரு பீடத்துக்குள் வையுங்கள். வளையம் பாட்டிலின் அடியில் உட்காரும். அதன் நடு ஓட்டைக்கு நேர் மேலே பொம்மை நிற்பதால், ஒளி பொம்மையைச் சுற்றி மேலே எழும். வளையத்தின் ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிமூலங்களும் அவற்றை ஆளும் சிறு சில்லும் உண்டு. அதனால் 12 விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தகவல் கம்பி போதும். அந்தக் கம்பியில் 330 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துச் சால்டர் செய்யுங்கள். முடுக்கமானியின் இரண்டு தகவல் கம்பிகள் நானோவின் ஏ4, ஏ5 முனைகளுக்குப் போகும். பனிக்கு ஏற்ற குளிர்ந்த நிறத்துக்கு நீலத்தைச் சற்றே தூக்கலாக வையுங்கள். நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் இல்லாமல் எல்இடியில் வெண்மையும் இல்லை.

முடுக்கமானிக்குள் இருப்பது, சிலிக்கனில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊஞ்சல். மெல்லிய வில்களில் தொங்கும் சிறு நிறை, இருபுறமும் தகடுகள். நிறை நகர்ந்தால் தகடுகளுக்கிடையே மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றத்தைச் சில்லு முடுக்கமாகப் படிக்கும். மேசைமேல் சும்மா இருக்கும்போதும் அது புவியீர்ப்பின் அளவான 1 ஜி-யைக் காட்டும். பாட்டிலைச் சாய்த்தால் அந்த 1 ஜி மூன்று அச்சுகளுக்கிடையே வேறு விதமாகப் பங்கிடப்படும், மொத்தம் மாறாது. குலுக்கினால்தான் மொத்தம் மாறும். எனவே மூன்று அச்சுகளின் அளவுகளையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அது 1.8 ஜி-யைத் தாண்டினால் ‘குலுக்கல்’ என்று கொள்ளுங்கள். அலமாரியிலிருந்து பூப்போல எடுப்பதும், பக்கத்தில் யாரோ நடப்பதும் அதை எழுப்பாது.

ஒளி தேயும் கணக்கு

குலுக்கல் தெரிந்ததும் ஒளியை முழு அளவில் எரிய விட வேண்டாம். வளையத்தின் எல்இடி ஒன்று முழு வெண்மையில் ஏறத்தாழ 60 மில்லிஆம்பியர் குடிக்கும். பன்னிரண்டும் சேர்ந்தால் 720. பழைய கணினியின் யுஎஸ்பி முனை தருவதோ 500. 255 படிகளில் 64-ஆவது படி, அதாவது கால்பங்கு வெளிச்சம், இருட்டறையில் தாராளம்.

இனிதான் முக்கியமான வேலை. கைபேசியின் நிறுத்துக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் குலுக்கி மேசையில் வைத்து, கடைசித் துகள் இறங்கும்வரை நேரம் பாருங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 30 வினாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒளி 64-இல் தொடங்கி 30 வினாடியில் 1-க்கு அருகே வர வேண்டும்.

ஒவ்வொரு நொடியும் சம அளவாகக் குறைத்தால் கண்ணுக்கு அது சமமாகத் தெரியாது. கார்த்திகை தீபத்தன்று முதல் அகலுக்குப் பக்கத்தில் இரண்டாவதை ஏற்றும்போது திண்ணையே மாறிவிடும். இருபதுக்குப் பக்கத்தில் இருபத்தொன்றாவதை ஏற்றினால் யாரும் கவனிப்பதில்லை. கண் வித்தியாசத்தை அளப்பதைவிட விகிதத்தையே அதிகம் அளக்கிறது. அதனால் கழிக்காமல் பெருக்க வேண்டும். 50 மில்லிவினாடிக்கு ஒரு முறை தற்போதைய ஒளியை 0.9935-ஆல் பெருக்குங்கள். 30 வினாடியில் 600 பெருக்கல்கள்; ஒளி ஐம்பதில் ஒரு பங்காகத் தேயும். 64 என்பது 1.3 ஆகிவிடும். கண்ணுக்கு அது ஒரே சீராக மங்குவதுபோல் தெரியும்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. நானும் அதில் விழுந்து ஒரு மாலையைத் தொலைத்தேன். ஒளியின் அளவை முழு எண்ணாகச் சேமித்தால், 64-ஐ 0.9935-ஆல் பெருக்கி வரும் 63.58-இன் பின்னத்தைச் சில்லு வெட்டி எறிந்து 63 என்று வைத்துக்கொள்ளும். அடுத்தது 62, பிறகு 61. ஒவ்வொரு முறையும் ஒன்று கழிய, 64 முறையில், அதாவது 3.2 வினாடியில் விளக்கு செத்துவிடும். பெருக்கல் சரியாகத்தான் இருக்கும். தேய்வு மட்டும் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துபோகும். அளவைத் தசம எண்ணாகச் சேமியுங்கள். எல்இடிக்கு அனுப்பும் கணத்தில் மட்டும் முழு எண்ணாக்குங்கள்.

சரியாக அமைந்துவிட்டால் நீங்கள் எழுதாத ஒன்றும் நடக்கும். படிந்த ஜிகினா அடிக்கண்ணாடியின் மேல் கிடந்து ஒளியை ஓரளவு மறைக்கிறது. குலுக்கியதும் அந்தப் போர்வை விலகி ஒளி பீறிடுகிறது. இறங்க இறங்க மீண்டும் மூடிக்கொள்கிறது. சில்லு ஒளியைத் தேய்க்கிறது, பனியும் அதே வேகத்தில் அதைப் போர்த்துகிறது.

ஒரு நடைமுறைக் குறிப்பு: பவர் பேங்கில் மாட்டினால், விளக்கு அணைந்த நிலையில் ஓடும் சிறு மின்சாரத்தைப் பார்த்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே ஓய்ந்துவிடும். கைபேசி சார்ஜர்தான் ஏற்றது.

நினைவுப் பொருளுக்கு ஒரு நினைவு

நானோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லுக்குள் 1 கிலோபைட் அளவில் ஒரு தனி நினைவகம் இருக்கிறது. மின்சாரத்தைப் பிடுங்கினாலும் அதில் எழுதியது அழியாது. ஒவ்வொரு முறை பனி பெய்யும்போதும் அதிலுள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டி எழுதச் சொல்லுங்கள். ஒளி முழுதாக அணைந்த பிறகு வரும் குலுக்கலை மட்டும் எண்ணினால், ஒரே ஆட்டத்தைப் பத்து முறை எண்ணும் பிழை வராது. அந்த நினைவகத்தின் ஓரிடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. நாளொன்றுக்கு 27 முறை குலுக்கினாலும் 10 ஆண்டுகள் தாங்கும்.

எண்ணைப் படிக்க ஒரு வழி: கோளத்தை 5 வினாடி தலைகீழாகப் பிடியுங்கள். செங்குத்து அச்சின் குறி மாறியதை முடுக்கமானி உணரும். நூறு பனிப்பொழிவுக்கு ஒரு விளக்கு என்று வளையத்தில் எரியச் செய்யுங்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கவிழ்க்கும்போது மூன்று விளக்கு எரிந்தால், அந்த வீட்டில் யாரோ முந்நூறு தடவை இதைக் கையில் எடுத்து, முந்நூறு தடவை அரை நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடியில் எழுத வேண்டியவை

பெர்ஸி குடும்பம் தங்கள் பனி எதனால் ஆனது என்பதைத் தலைமுறை தலைமுறையாக ரகசியமாக வைத்திருக்கிறது. அது அவர்களுடைய தொழில்; அதில் நியாயம் உண்டு. வீட்டில் செய்த நினைவுப் பொருளுக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறு. என்றாவது தண்ணீர் கலங்கும். எல்இடி ஒன்று கெடும். மூடியைத் திறக்க வேண்டிவரும். அன்று அதைத் திறப்பவர் இன்று பக்கத்தில் நின்று ஜிகினா கொட்டிக்கொடுத்த குழந்தையாக இருக்கலாம்.

அவருக்காகப் பீடத்தின் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, மேலே ஒளிபுகும் டேப் போட்டு மூடுங்கள். அதில் செய்த தேதியை எழுதுங்கள். கிளிசரின் கால் பங்கு என்று எழுதுங்கள். பனி இறங்க 30 வினாடி என்று எழுதி, அன்றைய வெப்பநிலையையும் பக்கத்தில் குறியுங்கள். கடைசியாக 0.9935 என்று எழுதுங்கள். இவை கையில் இருந்தால், அந்த டிசம்பர் மாலையில் உங்கள் வீட்டில் பனி எந்த வேகத்தில் பெய்ததோ அதே வேகத்தில் அவரால் அதை மீண்டும் பெய்விக்க முடியும்.